பாட்டு நின்ற பிறகு என்ன மிச்சம்?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘கருணைத் தியானத்துக்கு உற்ற துணை பின்னணி இசையா, மௌனமா?’ – ‘மௌனமே’ அணியில் ஆற்றிய உரை)



எதிரணித் தம்பி பேச வந்தாரு. பேசினாரா? கல்யாணி ராகத்துல ஒரு ஆலாபனை பண்ணினாரு. ‘இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?’னு கேட்டாரு. போய் உட்கார்ந்துட்டாரு. நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. உண்மையைச் சொல்றேன், நானும் தட்டினேன். (சிரிப்பு)

நான் மௌனத்துக்காகப் பேச வந்தவ. நியாயமாப் பார்த்தா, எனக்குக் கொடுத்த பத்து நிமிஷமும் வாயைத் திறக்காம நின்னுட்டு இறங்கிப் போகணும். எங்க வீட்டுக்காரர்கூட, ‘அதை மட்டும் செஞ்சு காட்டு, நான் பார்த்ததே இல்ல’ன்னு சொல்லித்தான் அனுப்பி வெச்சாரு. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

விஷயத்துக்கு வர்றேன் ஐயா. முதல்ல, கருணைத் தியானம்னா என்ன? அதைச் சொல்லாம இசை வேணுமா வேணாமான்னு சண்டை போடறது, என்ன குழம்புன்னே தெரியாம உப்பு பத்தலைன்னு சொல்ற மாதிரி.

மூச்சை மட்டும் கவனிக்கிறது ஒரு வகைத் தியானம். இது வேற. இதுல மனசுக்குள்ள ஒரு வாழ்த்தைச் சொல்லணும். ‘நலமாக இரு. பயமில்லாமல் இரு. துன்பம் இல்லாமல் இரு.’ அவ்வளவுதான். ஆனா யாருக்குச் சொல்றோம் என்கிறதுலதான் இருக்கு சூட்சுமம். முதல்ல எனக்கே சொல்லிக்கணும். அடுத்து, நான் மதிக்கிற ஒருத்தருக்கு. அடுத்து, உயிருக்குயிரான ஒருத்தருக்கு. அப்புறம், வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை என்கிற ஒருத்தருக்கு. தினம் பால் பாக்கெட் போட்டுட்டுப் போறாரே, பேர்கூடத் தெரியாது, அவருக்கு. கடைசியா, எனக்கு ஆகாத ஒருத்தருக்கு. பேரைக் கேட்டாலே வயிறு எரியுமே, அந்த ஒருத்தருக்கு.

இந்த வரிசையை நேத்து யாரோ கண்டுபிடிக்கல. ‘விசுத்திமார்க்கம்’ என்று ஒரு பௌத்த நூல். 5-ஆம் நூற்றாண்டிலே இலங்கை அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்துகொண்டு புத்தகோசர் எழுதியது. அந்தப் புத்தகோசர் நம்ம காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர். ஆகவே நமக்குத் தூரத்துச் சொந்தம்னே வெச்சுக்கலாம். அந்த நூலின் ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க இந்த விவகாரம்தான்.

அவர் என்ன சொல்றாரு? சாப்பிட்ட மயக்கம் தெளிஞ்ச பிறகு, தனிமையான ஓர் இடத்துல, வசதியா உட்காருன்னு ஆரம்பிக்கிறாரு. வெறுப்பினால் வரும் கேட்டையும் பொறுமையினால் வரும் நன்மையையும் முதலில் நினைத்துப் பாருன்னு சொல்றாரு. வீணை வாசிக்கச் சொல்லுன்னு அவர் சொல்லவே இல்லை. சொல்லாதது மட்டுமில்ல, பௌத்தத்தில் இல்லறத்தார் விரத நாட்களில் எடுத்துக்கொள்கிற எட்டு சீலங்களில் ஒன்று, அன்றைக்கு ஆடல், பாடல், வாத்தியம் எல்லாவற்றையும் விட்டு விலகி இருப்பது. அங்குத்தர நிகாயத்துல இன்னொரு செய்தி வருது. தர்மத்தையே இழுத்து இழுத்துப் பாட்டா ஓதினா, ஓதுறவன் தன் குரலிலேயே மயங்கிடுவான்னு புத்தர் எச்சரிக்கிறாரு. தம்பி, கல்யாணி பாடினீங்களே, கவனிச்சுக்கோங்க. (சிரிப்பு)

நியாயமாப் பேசணும். திபெத்து மடங்கள்ல கொம்பும் தாளமும் முரசும் முழங்குது. அது அங்கே பூஜையின் ஓர் அங்கம். அதை நான் குறை சொல்லல. நம்ம தலைப்புல இருக்கிற ஒரு சொல்லைத்தான் நான் பிடிச்சுக்கிறேன். ‘பின்னணி’ இசை. அந்தப் ‘பின்னணி’யில்தான் எனக்குச் சண்டை.

எதிரணித் தங்கச்சி கேட்டாங்க, ‘நம்ம தேவாரம் பண்ணோடு பாடினது இல்லையா? வள்ளலார் பாடலையா?’ன்னு. நல்ல கேள்வி. ஆனா தங்கச்சி, ஓதுவார் சன்னதியிலே பாடும்போது அது பின்னணியா? அங்கே பாட்டுதான் முன்னணி! அவர் பாடும்போது நாம கண்ணை மூடி வேற வேலை பார்க்கிறதில்ல, பாட்டுக்குள்ளேயே போறோம். அதுதான் வழிபாடு. வள்ளலார் பாடினார், ஆயிரக்கணக்கில் பாடினார். பாடிட்டு என்ன செஞ்சார்? 1867-லே வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்னிக்கும் எரியுது. ஜீவகாருண்யம் என்றால் அவருக்குப் பசித்த வயிறு, கொதிக்கிற உலை. (கைதட்டல்)

மணிமேகலை யாருங்க? மாதவி மகள். ஆடலும் பாடலும் பிறந்த வீட்டிலேயே பிறந்தவள். யாழுக்குக் குறைச்சலா அந்த வீட்டிலே? அந்த வீட்டை விட்டு வந்தவள் கையிலே சாத்தனார் என்ன கொடுத்தார்? அமுதசுரபி! ஆதிரை இட்ட முதல் பிச்சையோடு தொடங்கி, காயசண்டிகையின் யானைத்தீப் பசியைத் தணித்து, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டம் ஆக்கினாள். கருணை அவள் கைக்கு இறங்கிய இடம் அது.

சரி, பின்னணி இசைன்னா எது? அது சினிமா நமக்குக் கொடுத்த சீதனம். திரையிலே அம்மா செத்துப் போறா. வயலின் அழுவுது. நாமும் அழறோம். முந்தானை நனையற வரைக்கும் அழறோம். படம் விட்டு வெளியே வர்றோம். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கிழவி கையை நீட்டுறா. ‘சில்லறை இல்லம்மா, போ’ன்னுட்டு ஆட்டோ பிடிக்கிறோம். ஏங்க? திரையில் செத்த அம்மாவுக்கு வயலின் இருந்துச்சு. இந்தக் கிழவிக்கு வயலின் இல்லை! (பலத்த கைதட்டல்)

இதுதான் என் வாதத்தின் முதுகெலும்பு ஐயா. பின்னணி இசை நமக்கு உணர்ச்சியைக் கொடுக்கும். ஆனா கருணை என்கிறது உணர்ச்சி வந்த பிறகு, அல்லது வராதபோதும், எடுக்க வேண்டிய ஒரு முடிவு. ‘இவர் நலமாக இருக்கட்டும்’ என்கிற முடிவு. அந்த முடிவை வயலின் எடுக்க முடியாது. நான்தான் எடுக்கணும்.

புத்தகோசர் இன்னொரு பிரமாதமான விஷயம் சொல்றாரு. ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் இரண்டு பகைவன் உண்டாம். ஒருத்தன் தூரத்துப் பகைவன், ஒருத்தன் அண்டைப் பகைவன். கருணைக்குத் தூரத்துப் பகைவன் கொடுமை. அவனை நமக்கு அடையாளம் தெரியும், வாசல்லேயே விரட்டிடுவோம். அண்டைப் பகைவன் யார் தெரியுமா? சோகம்! மனசு கனத்துப் போய்க் கண் கலங்குதே, அது. அவன் சொந்தக்காரன் மாதிரியே வருவான். கருணை மாதிரியே வேஷ்டி கட்டியிருப்பான். ‘வாங்க வாங்க’ன்னு நாமே பாய் விரிச்சுப் போடுவோம். மெல்லிய சோக இசை யாரை அழைச்சுக்கிட்டு வருது? பல நேரம் இந்த அண்டைப் பகைவனைத்தான்.

இது பழைய காலத்துப் பேச்சுன்னு நினைக்காதீங்க. ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்களும் அவர்களோட குழுவினரும் சேர்ந்து செய்த ஆய்வு 2014-லே வெளிவந்தது. துன்பப்படுகிற மனிதர்களின் வீடியோக்களைக் காட்டினாங்க. ‘அவங்க வலியை நீங்களும் உணருங்க’ன்னு முதலில் பழக்கினாங்க. பார்த்தவங்களுக்கு மனக் கஷ்டம்தான் கூடிச்சு. அப்புறம் அதே ஆட்களுக்கு, ‘அவங்க நலமாக இருக்கணும்’னு வாழ்த்துகிற கருணைப் பயிற்சியைக் கொடுத்தாங்க. கஷ்டம் குறைஞ்சு, கனிவான நல்லுணர்வு கூடிச்சு. மூளையிலே வேலை செய்கிற பகுதிகளும் வேற வேற. கூட உட்கார்ந்து அழறது ஒண்ணு, கை கொடுக்கத் தயாரா நிற்கிறது வேற ஒண்ணு. பாட்டு நம்மை முதல் இடத்திலேயே உட்கார வெச்சிடுமோன்னுதான் என் பயம்.

நான் ஏன் பயப்படறேன்? சொந்த அனுபவம். சபையிலே சொல்றதுக்குக் கொஞ்சம் கூச்சம்தான், இருந்தாலும் சொல்றேன்.

எனக்கு ஒரு அண்ணன். ஒரே அண்ணன். எங்க அம்மா போன பிறகு, அந்த ஊர் வீட்டை என்னை ஒரு வார்த்தை கேக்காம வித்துட்டாரு. பணம் பெரிசில்லைங்க. அம்மா சமைச்ச அடுப்படியை, நான் ஓடியாடின முற்றத்தை, பத்திரம் எழுதின பிறகுதான் எனக்குச் சொன்னாரு. அன்னிக்கு நின்ற பேச்சு. ஒன்பது வருஷம். ஒரே ஊர்லதான் இருக்கோம், இரண்டு பஸ் மாறினா அவர் வீடு.

எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துச்சு. தூக்கம் போச்சு. யாரோ சொல்லி இந்தத் தியானம் கத்துக்கிட்டேன். செல்போன்ல புல்லாங்குழல் இசை போட்டுக்கிட்டு, ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு உட்காருவேன். முதல் மாசம் ஒரு கஷ்டம். நடு நடுவிலே விளம்பரம் வரும். ‘எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும்’னு நான் உருகிக்கிட்டு இருப்பேன், ‘உடனடிக் கடன் வேண்டுமா?’ன்னு ஒருத்தன் கத்துவான். எல்லா உயிர்களிலும் அவனை மட்டும் கழிச்சுட்டேன். (பலத்த சிரிப்பு)

அப்புறம் விளம்பரம் இல்லாத இசையை என் பிள்ளை பதிவு பண்ணிக் கொடுத்தான். பிரமாதமா போச்சு. தினமும் கடைசிப் படியிலே அண்ணன் முகத்தை நினைப்பேன். புல்லாங்குழல் உச்சத்துக்குப் போகும். கண்ணுலே தாரை தாரையா தண்ணி. ‘அண்ணே, நீ நல்லா இரு’ன்னு சொல்லுவேன். மன்னிச்சுட்டேன்னு நினைச்சேன். நாலு மாசம் தினம் மன்னிச்சேன். என்னைப் பார்த்து எனக்கே பெருமை.

ஒரு நாள் ராத்திரி. நான் அண்ணன் முகத்தைக் கொண்டு வந்து நிறுத்தியாச்சு. வாயெடுத்து வாழ்த்தப் போறேன். போன்ல சார்ஜ் தீர்ந்து போச்சு. பாட்டு சட்டுனு நின்னுடுச்சு.

இருட்டு. ஃபேன் சத்தம். அண்ணன் முகம் மட்டும் அப்படியே நிக்குது. எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? ‘கேக்காம வித்தியே, பாவி!’ (அரங்கில் அமைதி)

ஐயா, நாலு மாசமா மன்னிச்சது நான் இல்லை. புல்லாங்குழல்! அது அழுதது, நான் கூட அழுதேன். என் கோபம் ஒரு குண்டுமணிகூடக் கரையாம, பாட்டுக்கு அடியிலே பத்திரமா படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. கண்ணுக்கு இமை கொடுத்த ஆண்டவன் காதுக்கு இமை கொடுக்கலை. வர்ற சத்தமெல்லாம் கேட்காமல் உள்ளே போயிடும். உள்ளே இருக்கிற சத்தத்தையும் அமுக்கிடும்.

மறுநாள்லேருந்து பாட்டு இல்லாம உட்கார்ந்தேன். முதல் வாரம் நரகம். பல்லியும் ஃபேனும் பக்கத்து வீட்டு இருமலும்தான் துணை. அண்ணன் முகத்தை நினைச்சா கோபம், கோபம், கோபம். ஆனா இப்ப எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. எங்கே நிக்கிறேன்னு தெரிஞ்சுது. நோய் தெரிஞ்சாத்தானே மருந்து?

இப்படி ஆகாதவர் மேலே கோபம் தணியலைன்னா என்ன செய்யணும்னு புத்தகோசர் ஒரு பட்டியலே கொடுக்கிறாரு. அவர்கிட்ட இருக்கிற ஒரு நல்ல குணத்தை நினைச்சுப் பாரு. தணியலையா? கோபத்தால் உனக்கு வர்ற நஷ்டத்தை நினைச்சுப் பாரு. அப்பவும் தணியலையா? இன்னும் வழி சொல்றாரு. எதுவுமே பலிக்கலைன்னா கடைசியா ஒண்ணு: எழுந்து போய் அவருக்கு ஏதாவது ஒரு பொருளைக் கொடு! பார்த்தீங்களா? தியானப் புத்தகத்திலே தியானத்தை விட்டு எழுந்திருன்னு சொல்ற மனுஷன்!

அந்தக் கதையை முடிக்கிறதுக்கு முன்னாடி, எதிரணிக்கு நான் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துடறேன். இசை வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொன்னா நான் பொய் சொல்றவ. துக்க வீட்டிலே இருக்கிறவங்களுக்கு, ஆஸ்பத்திரியிலே படுத்திருக்கிறவங்களுக்கு, காதுக்குள்ளே எப்பவும் இரைச்சல் கேக்கிறவங்களுக்கு, பயத்துலே மௌனமே பூதமா தெரியறவங்களுக்கு இசை ஒரு கை கொடுக்கும். அவங்க தாராளமா வெச்சுக்கட்டும். ஆனா நடைவண்டி எதுக்கு? நடக்கப் பழகறதுக்கு. நாற்பது வயசிலேயும் நடைவண்டியைத் தள்ளிக்கிட்டே ஆபீஸ் போக முடியுமா? (சிரிப்பு)

இத்தாலியிலே லூசியானோ பெர்னார்டி என்கிற டாக்டரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செஞ்சாங்க, அது 2006-லே வெளிவந்தது. 24 பேர், பாதிப் பேர் இசைக் கலைஞர்கள், பாதிப் பேர் நம்மைப் போல சாதாரணமானவர்கள். ஆறு வகை இசையைக் கேக்க வெச்சாங்க, அதிலே ஓர் இந்திய ராகமும் உண்டு. வேகமான இசைக்கு மூச்சும் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறிச்சு. நடுவிலே இரண்டு நிமிஷம் மௌனம் விட்டாங்க. அந்த மௌனத்திலே இதெல்லாம் இறங்கிச்சு. இசையே கேக்காம சும்மா உட்கார்ந்திருந்தாங்களே, அந்த ஆரம்ப அளவையும்விடக் கீழே இறங்கிச்சு! எதிரணியும் எங்க அணியும் கைகுலுக்க வேண்டிய இடம் இது. இசை வாசப்படி, மௌனம் வீடு. வாசப்படியிலே நின்னு செருப்பைக் கழட்டலாம். அங்கேயே பாய் போட்டுப் படுக்கக் கூடாது. (கைதட்டல்)

அதனாலே வீட்டிலே செய்யப் பார்க்கிற தாய்மார்களுக்குச் சில யோசனைகள். இசை வேணும்னா, உட்காரும்போது ஐந்து நிமிஷம் போட்டுக்கோங்க. பாட்டு வேண்டாம், வெறும் வாத்தியம் போதும். ஏன்னா உள்ளே நீங்க ஒரு வாழ்த்தைச் சொல்லணும். வெளியிலே ஒருத்தர் வேற வார்த்தை பாடினா இரண்டும் முட்டிக்கும், ஒரே நேரத்துலே இரண்டு பேர் பேசற மாதிரி. தெரிஞ்ச சினிமா மெட்டு வேண்டவே வேண்டாம். கருணைக்குப் போக வேண்டிய மனசு காலேஜ் பஸ்ஸுக்குப் போயிடும். (சிரிப்பு) சத்தம் மெதுவா இருக்கட்டும், உங்க மூச்சுச் சத்தம் உங்களுக்குக் கேக்கிற அளவுக்கு. உங்களுக்கும் உங்களுக்கு வேண்டியவருக்கும் வாழ்த்துச் சொல்றப்ப இசை இருந்தாலும் பரவாயில்லை. ஆனா அந்த நாலாவது, ஐந்தாவது ஆள் வரும்போது கையை நீட்டி நிறுத்திடுங்க. பால்காரரும் பகைவரும் மௌனத்திலேதான் வரணும்.

தாளம் வேணுமேன்னு தோணிச்சுன்னா, மூச்சு இருக்கு. இங்கிலாந்திலே பால் கில்பர்ட் என்கிற உளவியல் அறிஞர், தன்னைத் தானே திட்டிக்கிட்டுத் தவிக்கிறவங்களுக்காக ஒரு கருணைச் சிகிச்சை முறையையே உருவாக்கியிருக்காரு. அதிலே மூச்சை மெதுவா, சீரா, ஒரு சாந்தமான தாளத்துக்குக் கொண்டு வர்ற பயிற்சி உண்டு. அந்தத் தாளத்துக்கு சார்ஜரும் வேண்டாம், காசும் வேண்டாம்.

வள்ளுவர் அன்புடைமையை 8-ஆவது அதிகாரமா, இல்லறத்திலே வெச்சாரு. அருளுடைமையை 25-ஆவது அதிகாரமா, துறவறத்திலே வெச்சாரு. சொந்தக்காரங்க மேலே வர்றது அன்பு, அதுக்குப் பழக்கம் வேண்டாம். எல்லா உயிர் மேலேயும் வர்றது அருள். அதுக்கு ஒண்ணைத் துறக்கணும். நான் கோபத்தைத் துறக்கிறதுக்கு முன்னாலே புல்லாங்குழலைத் துறக்க வேண்டியிருந்தது.

நடுவர் ஐயா மணி மேலே கையை வெச்சுட்டார். முடிச்சுடறேன்.

மௌனத்திலே உட்கார்ந்து மூணு மாசம். கோபம் போகலை, ஆனா அதுக்கு நடுவிலே ஒரு நாள் ஒரு ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுலே எனக்கு அம்மை போட்டப்போ, ராத்திரியெல்லாம் வேப்பிலையாலே விசிறிக்கிட்டே உட்கார்ந்திருந்தது அண்ணன்தான். பாட்டு ஓடிக்கிட்டு இருந்தப்ப இந்த ஞாபகம் ஒரு நாளும் வந்ததில்லைங்க. மறுநாள் எங்க அம்மா கைப்பக்குவத்திலே வத்தக் குழம்பு வெச்சேன். ஒரு தூக்குவாளியிலே ஊத்தி, என் பிள்ளைகிட்டே கொடுத்து, ‘மாமா வீட்டிலே கொடுத்துட்டு வா. எதுவும் பேசாதே’ன்னு அனுப்பினேன்.

நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பாத்திரமா கொடுக்க மாட்டோம். நாலு நாள் கழிச்சுத் தூக்குவாளி வந்துச்சு. உள்ளே முருங்கைக்கீரை. என் பிள்ளை சொன்னான்: ‘அம்மா, மாமா வீட்டுக் கொல்லையிலே ஒரு முருங்கை மரம் நிக்குது. ஊர் வீட்டை விக்கறதுக்கு முந்தின நாள், பாட்டி வெச்ச மரத்திலேருந்து ஒரு போத்து வெட்டிக்கிட்டு வந்து நட்டாராம்.’

வீட்டை வித்த கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு, மறைக்கல. ஆனா இரண்டு பஸ் மாறிப் போயிட்டு வந்துட்டேன். அண்ணன் வாசல்லே நின்னாரு. ‘வா’ன்னாரு. நான் ‘ம்’னேன். அந்த நேரத்திலே எந்தப் பக்கமும் வயலின் வாசிக்கல. எங்க ரெண்டு பேருக்கும் வேற பேச்சும் வேண்டியிருக்கல.

கருணைத் தியானத்துக்கு உற்ற துணை மௌனமே, மௌனமே என்று கூறி, இனி நானும் அந்த மௌனத்துக்குப் போகிறேன்.

(நீண்ட கைதட்டல்)